குளிர்நீர் மீன்

பாலிகஞ்சுப் பகுதியின் கரியாஹாட் சந்தையில் ரோகு, கட்லா, ஹில்சா எனப் பலவகை மீன்கள் விற்கப்படுகின்றன. அவற்றுள் ரோகும் கட்லாவும் வங்கத்துக் குளங்களின் வெதுவெதுப்பான நீரில் செழித்து வளர்பவை. அந்நீரில் வாழ இயலாத மீன் ஒன்று தமிழகத்தின் நீலகிரியில் உண்டு. அதன் பெயர் வானவில் டிரவுட். வட அமெரிக்காவின் மேற்குப் பகுதி ஆறுகள் அதன் தாயகங்களுள் முதன்மையானவை.

டிரவுட்டுக்கு உயிர்வளி மிகுந்த நீர் வேண்டும். நீர் குளிரக் குளிர, அதில் கரையும் உயிர்வளியும் மிகும். 10 பாகை செல்சியசில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 11 மில்லிகிராம் உயிர்வளி கரையும். 30 பாகையில் அது 8 மில்லிகிராமுக்கும் கீழே குறைந்துவிடும்.

டிரவுட் மீனை நீலகிரிக்குக் கொண்டுவர, மருத்துவரும் மீனியல் அறிஞருமான பிரான்சிஸ் டே 1863-இல் முயன்றார். அம்முயற்சி தோல்வியுற்றது. பல ஆண்டுகளுக்குப் பின்னர் எச். சி. வில்சன் முயற்சியை மேற்கொண்டார். 1907-இல் அவலாஞ்சியில் மீன் பொரிப்பகம் அமைந்தது. அதன்பின் வானவில் டிரவுட் மலையோடைகளில் நிலைபெற்றது.

டிரவுட்டைப் பிடிக்கும் முறையும் தனித்தன்மை வாய்ந்தது. இறகையும் நூலையும் தூண்டில் முள்ளில் சுற்றிச் செயற்கைப் பூச்சி செய்வர். அது மிக இலேசானது. ஆதலால் கனமான தூண்டில் கயிற்றை வீசி, அதன் விசையால் பூச்சியை நீர்மேல் மெல்ல விழச் செய்வர். டிரவுட் நீரோட்டத்தை எதிர்நோக்கியே நிற்கும். எனவே, தூண்டிற்காரர் அதன் பின்புறமாக, ஓசையின்றி அணுகுவார்.

ஆயினும், கோடையில் அவர் முதலில் கையில் எடுக்க வேண்டியது வெப்பமானியே. நீரின் வெப்பம் 20 பாகையை நெருங்கினால், தூண்டிலிற் போராடிக் களைத்த மீன், திரும்ப விடப்பட்டாலும் பிழைப்பது அரிது. அந்நாளில் தூண்டிலைச் சுருட்டி வைப்பதே அறிவுடைமை. குளிர்ந்த நாளிலும் கையை நனைத்த பின்னரே மீனைத் தொட வேண்டும். உலர்ந்த கை அதன் உடலைக் காக்கும் வழுவழுப்பைத் துடைத்துவிடும்.

நீலகிரி ஓடைகளுக்குச் சோலைக்காடுகள் நிழல் தருகின்றன. மழைநீரைத் தேக்கிச் சிறிது சிறிதாக வழங்குகின்றன. சோலை அழிந்தால் ஓடை வெப்பமுறும். ஓடை வெப்பமுற்றால் டிரவுட் மறையும். மீனைக் காக்க விரும்புவோர் மரத்தையும் காத்தல் வேண்டும்.

சொற்பொருள்
உயிர்வளி – ஆக்சிசன்
பாகை – வெப்ப அளவின் அலகு
பொரிப்பகம் – முட்டைகளைப் பொரிக்கச் செய்யும் இடம்

பயிற்சி
1. பிரித்து எழுதுக: அந்நீர், நீரோட்டம்.
2. ‘குளிர்நீர்’ – இலக்கணக் குறிப்புத் தருக.
3. வங்கத்துக் குளங்களில் டிரவுட் வாழ இயலாதது ஏன்?
4. தூண்டிற்காரர் மீனின் பின்புறமாக அணுகுவது ஏன்?
5. ‘பிடிக்கத் தெரிந்தவருக்கு விடவும் தெரிய வேண்டும்’ – இக்கருத்தைப் பாடத்தின் துணைகொண்டு ஐந்து தொடர்களில் விளக்குக.