மூன்று இலைக்குள் உலகம்

விவிலிய வரலாற்றில் வரும் ஊர்ப் பெயர்களை நாம் எப்படிப் படிக்கிறோம்? நாசரேத்து, பெத்லகேம், கப்பர்நாகும், எரிகோ என்று ஒப்பித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். ஓர் ஊருக்கும் மற்றோர் ஊருக்கும் எவ்வளவு தூரம், வழி மேடா பள்ளமா என்று கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு விடை சொல்வதற்கென்றே நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் படங்களோடு ஒரு நூல் எழுதினார்.

அவர் பெயர் ஹைன்ரிக் பூண்டிங். ஜெர்மனியிலுள்ள ஹனோவர் நகரில் 1545-இல் பிறந்தவர். லுத்தரன் சபைப் போதகர். 1581-இல் வெளிவந்த அவருடைய நூலின் பெயருக்குத் ‘திருமறைப் பயண நூல்’ என்று பொருள். குலமுதல்வர்கள் முதல் திருத்தூதர்கள் வரை நடந்த வழிகளை எடுத்துக்கொண்டு, தூரத்தை ஜெர்மன் மைலில் கணக்கிட்டிருக்கிறார். அந்த மைல் ஏறக்குறைய ஏழரை கிலோமீட்டர்.

மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட படங்களில் ஒன்று உலகப் புகழ் பெற்றது. நம் தோட்டத்துப் புளியாரைக் கீரையைப் பார்த்திருப்பீர்கள். அதைப் போன்ற மூவிலைதான் உலகம்! ஓர் இலை ஐரோப்பா, ஒன்று ஆசியா, ஒன்று ஆப்பிரிக்கா. மூன்றும் கூடும் நடுவில் ஒரு வட்டம், அதற்குள் எருசலேம். அமெரிக்காவுக்குக் கீழ் மூலையில் கொஞ்சம் இடம். மூவிலை ஹனோவர் நகரின் சின்னம் என்பதைப் படத்திலேயே பெருமையோடு குறித்திருக்கிறார். இன்னொரு படத்தில் ஐரோப்பா முடிசூடிய அரசி. ஆசியா சிறகு முளைத்த குதிரை. நம் இந்தியாவுக்குக் கிடைத்தது குதிரையின் பின்னங்கால்!

தேர்வில் இப்படி வரைந்தால் நமக்கு முட்டைதான். ஆனால் பூண்டிங் அறியாமல் வரையவில்லை. அதே நூலில் வழக்கமான உலகப் படமும் இருக்கிறது. நாடுகளின் நடுவே எருசலேமை வைத்ததாக ஆண்டவர் கூறுவதை எசேக்கியேல் ஆகமம் 5-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். மூவிலைப் படம் அந்த நம்பிக்கையைக் காட்டுகிறது. மண்ணின் கணக்குக்குத் தூரங்கள் இருக்கின்றன.

எனக்கு மூவிலையைவிட அந்தத் தூரங்களே பிடித்திருக்கின்றன. அவர் வழியில் நாமும் இன்றைய அட்லஸைத் திறந்து பார்க்கலாமே. நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்கு நேர்கோட்டில் அளந்தாலே 100 கிலோமீட்டருக்கு மேல். மலைப்பாதையில் இன்னும் அதிகம். நிறைமாதத்தில் மரியன்னை கடந்த வழி அது! குடில் ஜோடிக்கும்போது இரண்டு ஊரையும் ஒரே அட்டைக்குள் அடக்கிவிடுகிறோம்.

நல்ல சமாரியர் உவமையில் ஒருவர் எருசலேமிலிருந்து எரிகோவுக்கு ‘இறங்கி’ போனார் என்று வருகிறது. ஏன் இறங்க வேண்டும்? எருசலேம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 750 மீட்டர். எரிகோ கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 250 மீட்டர். முப்பது கிலோமீட்டருக்குள் ஆயிரம் மீட்டர் இறக்கம்! இருபுறமும் வறண்ட பாறை மேடுகள். கள்வர் மறைந்திருக்க வேறென்ன வேண்டும்? இந்த இரண்டு எண்களைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த உவமையை நான் வேறு விதமாக வாசிக்கிறேன். விலகிப் போன குருவுக்கும் லேவியருக்கும் அங்கே பயமும் இருந்திருக்கும்.

பூண்டிங்கின் நூல் ஆங்கிலம், செக், சுவீடிஷ் முதலிய மொழிகளிலும் வந்தது. மூவிலைப் படத்தைச் சிறு கற்களால் பதித்து எருசலேம் மாநகராட்சி வளாகத்தில் இன்று வைத்திருக்கிறார்கள்.