முதன்முறை அருள் வந்தவர்களுக்கு

மாசிச் சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயில்களில் கூடும்போது, நம் கம்பம் பள்ளத்தாக்கில் ஏதோ ஒரு ஊரில் யாராவது ஒருவர்மேல் புதிதாகச் சாமி இறங்கும். பெரும்பாலும் அது யாரும் நினைத்துப் பார்க்காத ஆளாக இருக்கும். தாயி, தம்பி, இந்த வருஷம் அந்த ஆள் நீங்கள் என்றால் இது உங்களுக்காக.

1. "என்னைப் போயா சாமி பிடிச்சது?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். கூடலூருக்கு மேலே மங்கலதேவி மலையை நிமிர்ந்து பாருங்கள். சிலப்பதிகாரத்தில் வேங்கை மரத்தடியில் நின்ற கண்ணகி வானேறியதைக் கண்டவர்கள் குன்றக் குறவர்கள். அவளைத் தெய்வமாக எண்ணி முதலில் குரவை ஆடியவர்களும் அவர்களே. சேரன் செங்குட்டுவனுக்கு அவர்கள் போய்ச் சொல்லித்தான் தெரிந்தது. சிலைக்கு அவன் இமயத்திலிருந்து கொண்டுவந்த கல்லும் கோயிலும் அதற்குப் பிறகு வந்தவை. கண்ணகி வானேறிய மலை இதுதான் என்று நம்பித்தான் சித்ரா பௌர்ணமி அன்று பளியங்குடி வழியாக ஏறிப் போகிறோம். அதே காப்பியத்தில் தெய்வம் ஏறிப் பேசும் சாலினி வேட்டுவக் குடிப் பெண். செங்குட்டுவன் முன்னாலேயே அருள் வந்து பேசிய தேவந்தி, கணவன் விட்டுப் போனவள். ராஜா நின்று கேட்டான். தகுதி பார்த்துச் சாமி வருவதாக இருந்தால் இவர்களில் ஒருத்தியிடமும் வந்திருக்காது.

2. பயம் இருக்கும். அதைக் குற்றமாக நினைக்காதீர்கள். வீரபாண்டி கௌமாரியம்மனுக்குச் சித்திரைத் திருவிழாவில் முல்லையாற்றில் முங்கி, ஈரச்சேலையோடு தீச்சட்டி ஏந்தி வருகிற பெண்களைப் பாருங்கள். எத்தனையோ பேருக்குக் கை நடுங்கும். நடுக்கத்தோடேதான் சட்டியைச் சன்னதிவரை கொண்டுவந்து சேர்க்கிறார்கள்.

3. வாயில் வராததைச் சொல்லாதீர்கள். இதை மற்ற எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்கிறேன். குறி கேட்டு வருகிறவர் கண்ணீரோடு நிற்பார். ஏதாவது ஆறுதல் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று மனசு தவிக்கும். சாமி சொல்லாததை நீங்களாகச் சேர்த்தால் அந்தக் குடும்பம் அதை நம்பி நிலத்தை விற்கும், சம்பந்தத்தை முறிக்கும். "உத்தரவு வரலை" என்று சொல்லத் தைரியம் வேண்டும். நோயாளி வந்தால் திருநீறு பூசி, "கானாவிலக்கு பெரியாஸ்பத்திரிக்குப் போ, கொடுக்கிற மருந்தை விடாமல் சாப்பிடு" என்று சொல்லி அனுப்புங்கள். அதனால் அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

4. விலை பேசாதீர்கள். தட்டில் விழுவது கோயிலுக்கு.

5. மறுநாள் வேலைக்குப் போங்கள். விடியுமுன் கம்பம்மெட்டு ஏறுகிற ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போகிறவள் என்றால் அதே ஜீப்பில் அதே இடத்தில் உட்காருங்கள். திராட்சைத் தோட்டத்துக் கூலி என்றால் கொடிக்குக் கீழே நில்லுங்கள். கூட வேலை பார்ப்பவர்கள்தான் உங்களை வருஷம் முழுக்கப் பார்க்கிறார்கள். அவர்களிடம் பொய் சொல்லாமல், யாரையும் ஒதுக்காமல் இருக்கிறீர்களா என்பதை வைத்துத்தான் உங்கள் வாக்கை நம்புவார்கள். பெண்மேல் இறங்கினால் சில பங்காளிகள் முகம் சுளிப்பார்கள். தாயி, அவர்களோடு வாதாட வேண்டாம். விரதத்தையும் விட வேண்டாம். சாமி கூப்பிட்ட ஆளை மாற்றப் பங்காளிகளுக்கு அதிகாரம் கிடையாது.

6. ஒரு வருஷம் அருள் வராமல் போகும். உடுக்கை அடிப்பவர் வர்ணித்துக்கொண்டே இருப்பார். ஊர்க் கண் எல்லாம் உங்கள்மேல் இருக்கும். உடம்பு சும்மா நிற்கும். அப்போது ஆடிக் காட்டிவிடாதீர்கள். முதல் தடவை சாமி இறங்கியபோது தேவைப்பட்டதைவிட அந்த நேரத்தில்தான் அதிக நம்பிக்கை தேவைப்படுகிறது. "இன்னைக்கு வரலை" என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டு நில்லுங்கள். அந்த ராத்திரியே ஓரத்தில் நிற்கிற யாரோ ஒரு பையன்மேல், ஒருவேளை உங்களுக்குப் பிடிக்காத வீட்டுப் பையன்மேல், இறங்கலாம். திருநீற்றுத் தட்டை நீங்களே எடுத்து அவன் கையில் கொடுங்கள். புதுசாக வருகிற அருளில் ஆள் தடுமாறி விழுவான். பின்னால் நின்று தாங்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.