ஏட்டோரக் குறிப்பும் இணையக் கோடும்

மயிலாப்பூர் லஸ் முனையின் நடைபாதையில் பழைய நூல்கள் விற்கும் இடத்தில், பல ஆண்டுகளுக்கு முன்னர் யாம் சிலப்பதிகாரப் பதிப்பு ஒன்றை வாங்கினோம். அதன் முன்னை உடைமையாளர் எவர் என அறியோம். புகார்க் காண்டம் முழுவதும் சிவப்புப் பென்சிலால் அடிக்கோடிட்டிருந்தார். மதுரைக் காண்டத்தில் கோடுகள் அருகின. வஞ்சிக் காண்டத்தில் ஒரு கோடும் இல்லை. எந்தக் காண்டம் தேர்வுக்கு வைக்கப்பட்டிருந்தது என்பதை அக்கோடுகளே சொல்லிவிட்டன! ஆயினும், புகாரில் ஓரிடத்தில் அவர் எழுதியிருந்த "ஏன்?" என்னும் ஒற்றைச் சொல் எம்மை அப்பக்கத்தில் நெடுநேரம் நிறுத்திவிட்டது. முகம் அறியாத ஒருவர் தம் வாசிப்பை எம்மோடு பகிர்ந்துகொண்டார் எனலாம்.

இன்று மாணவர் வாசிப்பு பெரிதும் கணினித் திரையிலும் கைப்பேசியிலும் நிகழ்கின்றது. திரையில் பென்சிலால் கோடிட இயலாது. அக்குறையை நீக்க உலாவியோடு இணைந்து இயங்கும் கருவிகள் தோன்றியுள்ளன. வேண்டிய தொடரைத் தேர்ந்து மஞ்சள் வண்ணம் பூசலாம். அருகில் குறிப்பு எழுதலாம். அதனைப் பிறர்க்கு அனுப்பலாம். இக்கருவிகளைத் தமிழ் பயில்வோர் எவ்வாறு கையாளுதல் வேண்டும் என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

மரபில் இதன் வேர்

இது முற்றிலும் புதியதொரு செயலன்று. அரபு நூல்களைப் பயின்றோர் மூலத்தை மத்னு எனவும், விரிவுரையை ஷரஹ் எனவும், பக்க ஓரத்தில் எழுதும் குறிப்பை ஹாஷியா எனவும் வழங்குவர். தமிழில் உரைமரபு இதனினும் ஒருபடி மேற்சென்று, பிற நூற்பகுதிகளை எடுத்துக்காட்டி விளக்கும் வழக்கத்தைப் பெருக வளர்த்தது. நச்சினார்க்கினியர் சீவகசிந்தாமணி உரையில் எண்ணற்ற மேற்கோள்களை அடுக்குகின்றார். ஆனால் அவை எந்நூலைச் சார்ந்தவை என்று பலவிடங்களிற் கூறாது, 'என்றார் பிறரும்' என்று மட்டும் சொல்லிச் செல்கின்றார். 1887இல் சிந்தாமணியைப் பதிப்பித்து வெளியிட்ட உ. வே. சாமிநாதையர் அந்தப் 'பிறர்' யாவர் என்று தேடிய தேட்டம் அவரைச் சங்க நூல்களின் ஏடுகளிடம் சேர்த்தது. பெயர் சொல்லாது விடப்பட்ட மேற்கோள் ஓர் அறிஞரின் வாழ்நாளையே வழிநடத்தியது எனின், பெயர் சொல்லியிருந்தால் எத்துணை உழைப்பு எஞ்சியிருக்கும் என்பதையும் எண்ணுதல் வேண்டும். ஐயர் திரட்டிய ஏடுகளையும் நூல்களையும், 1943இல் அவர் பெயரால் நிறுவப்பெற்று இன்று பெசன்ட் நகரில் இயங்கும் நூல்நிலையத்திற் காணலாம். அடையாற்றைக் கடந்து செல்லும் மாணவர் ஒருமுறையேனும் அங்கு நுழைதல் நன்று.

கோடிடுதலின் வன்மையை முழுதும் உணர்த்துவது புறத்திரட்டு என்னும் தொகைநூலாகும். அதனைத் தொகுத்தவர் தாம் படித்த நூல்களிலிருந்து தமக்கு உவந்த செய்யுட்களைத் தேர்ந்து பொருள்வகையால் அடைவு செய்தார். இன்றைய மொழியிற் கூறின் அவர் கோடிட்டுப் பகிர்ந்தார். அவர் செய்த நற்செயலாலேயே முத்தொள்ளாயிரத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட வெண்பாக்கள் நமக்குக் கிடைத்துள்ளன, முழுநூல் கிடைத்திலது. தகடூர் யாத்திரையின் நிலையும் அத்தகையதே. அத்தொகுப்பாளர் கோடிடாது விட்ட பாடல்கள் எத்துணைச் சிறந்தனவாயினும் அவற்றை நாம் இனிக் காணப்போவதில்லை. எடுத்தது வாழ்ந்தது, விடுத்தது மாய்ந்தது. ஒருவர் தம் விருப்பத்திற்கு இடும் கோடு பிறர்க்கு நூலாகவே ஆகிவிடுகின்றது என்பது அச்சந் தரும் உண்மையாகும்.

கருவிகள் இயங்குமாறு

1993இல் வெளிவந்த மொசைக் உலாவியிலேயே, காணும் பக்கத்தோடு தன் குறிப்பை இணைத்து வைக்கும் வசதி இருந்தது. ஆயினும் குறிப்புகளைப் பலரும் ஒருங்கே காணும் ஏற்பாடு அன்று நிலைபெறவில்லை. 2011இல் அமெரிக்காவில் இலாப நோக்கமற்ற திட்டமாகத் தொடங்கப்பெற்ற ஹைப்பாதிசிஸ் இத்துறையிற் குறிப்பிடத்தக்கது. வலைத்தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2017இல் இத்தகு குறிப்புகளுக்கெனப் பொதுத்தரம் ஒன்றையும் வெளியிட்டது. 2020ஆம் ஆண்டிலிருந்து குரோம் உலாவியில் வேறொரு வழியும் உண்டு. பக்கத்திலுள்ள ஒரு தொடரைத் தேர்ந்து அதற்கெனத் தனி இணைப்பைப் பெற்று அனுப்பினால், பெறுபவர் அதனைத் திறந்தவுடன் பக்கம் அத்தொடருக்கே சென்று நிற்கும். தொடரும் வண்ணத்தில் தோன்றும். பயர்பாக்ஸ் உலாவியும் 2024இல் இத்தகைய இணைப்புகளைப் புரிந்துகொள்ளலாயிற்று.

கருவி தான் கோடிட்ட இடத்தை எவ்வாறு மீண்டும் கண்டறிகின்றது? பக்க எண்ணோ வரியெண்ணோ திரையில் நிலையாக இல்லை. ஆதலின் கோடிட்ட சொற்களையும், அவற்றின் முன்னும் பின்னும் உள்ள சில எழுத்துகளையும் ஹைப்பாதிசிஸ் சேர்த்துச் சேமிக்கின்றது. அடுத்தமுறை பக்கத்தைத் திறக்கும்போது அந்தச் சூழலைத் தேடிப் பொருத்துகின்றது. குரோம் தரும் இணைப்போ, நீண்ட பகுதியாயின் அதன் தொடக்கச் சொற்களையும் இறுதிச் சொற்களையும் மட்டும் முகவரியோடு சேர்க்கின்றது. நம் பதிப்பாசிரியர்கள் நூலிறுதியில் அமைக்கும் பாட்டு முதற்குறிப்பு அகராதியை அறிந்தோர்க்கு இம்முறை விளக்கமின்றியே விளங்கும். பக்கத்தின் மூலப்பகுதி மாற்றப்பட்டு, தேடிய சொற்கள் கிடைக்காவிடின், அக்குறிப்பை 'அநாதை' எனப் பொருள்படும் பெயரிட்டு ஹைப்பாதிசிஸ் தனியே வைத்துவிடுகின்றது. மூலம் அழிந்த உரைக்கு இதனினும் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது.

தமிழுக்கே உரிய இடர்கள்

ஆங்கிலப் பக்கங்களில் இடரின்றி இயங்கும் கருவி தமிழ்ப் பக்கங்களில் இடறுவதுண்டு. கோட்டூர்புரத்தில் உள்ள தமிழ் இணையக் கல்விக்கழகம், 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கிய காலந்தொட்டு இலக்கியங்களையும் உரைகளையும் இணையத்தில் வழங்கிவருகின்றது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் அத்தகு தொண்டாற்றுகின்றது. எழுத்துருவில் உள்ள இத்தகைய பக்கங்களிற் கோடிடலாம். அச்சுநூலின் நிழற்படமாக உள்ள பக்கங்களில் இயலாது. ஏனெனில் கணினிக்கு அஃது எழுத்தன்று, படமே. மாணவர் பலர் 'கருவி பழுது' என்று முறையிடும் இடம் இதுவே.

இரண்டாவது இடர் நுட்பமானது. 'கொ' என்னும் எழுத்தை ஒருங்குறியில் இருவகையாகச் சேமிக்கலாம். ககரத்தின்பின் ஒகரக் குறியை ஒரே குறியீடாக இடுவது ஒருவகை; கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாக இடுவது மற்றொரு வகை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கருவிக்கு இரண்டும் வேறு. 'கௌ' என்பதன் இறுதியில் உள்ள குறியை ளகரமாகத் தட்டச்சு செய்துவிடுவோரும் உளர். ஏடெழுதுவோர் கைப்பிழையால் நேர்ந்த பாடபேதங்களைப் பற்றி வகுப்பிற் பேசுகின்றோம். கண்ணுக்குத் தெரியாத பாடபேதம் ஒன்று நம் காலத்தில் தோன்றியுள்ளது.

மூன்றாவது, இணைப்பின் நீளம். முகவரியில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் ஒன்பது வடிவங்களாக விரிகின்றது. 'தமிழ்' என்னும் சொல் ஐந்து குறியீடுகளால் ஆனது. ஆதலின் இணைப்பில் 45 இடங்களை அடைத்துக்கொள்ளும். அரைப்பக்க இணைப்பைக் கண்டு மருண்டு, அதனை நடுவில் வெட்டி அனுப்பிய மாணவரும் உண்டு.

ஒரு வகுப்பறை நிகழ்ச்சி

இவையெல்லாம் கருவியின் குறைகள். எம்மை உறுத்துவது எம் குறையாகும்.

தொல்காப்பியப் பொருளதிகார உரைப்பகுதி ஒன்றை இணையத்திற் படித்துவருமாறு மாணவர்களைப் பணித்திருந்தோம். கூர்மையான மாணவர் ஒருவர் அதில் ஒரு தொடருக்குக் கோடிட்டு வகுப்பின் வாட்ஸ்அப் குழுவிற் பகிர்ந்தார். நல்ல தொடர்; தெளிவாகவும் இருந்தது. யாமும் பெருவிரல் உயர்த்திய படம் ஒன்றை இட்டு மகிழ்ந்தோம். தேர்வு முடிந்து விடைத்தாள்களைத் திருத்தும்போது, பாதிக்கு மேற்பட்டவற்றில் அக்கருத்து உரையாசிரியரின் முடிபாக எழுதப்பட்டிருந்தது. ஐயுற்று மூலத்தைத் திறந்தோம். மஞ்சள் கோடு நின்ற இடத்திற்கு அடுத்த இரு சொற்கள், 'என்பாரும் உளர்'. அதற்கடுத்த வாக்கியம், அக்கருத்துப் பொருந்தாது என்னும் மறுப்பு. பிறர் கூற்றை எடுத்துரைத்து மறுத்த உரையாசிரியர் எம் மாணவர் கையில் அக்கூற்றுக்கே உரியவராகிவிட்டார்.

மாணவர்க்கு மதிப்பெண் குறைப்பதா? பிழையான பகிர்வுக்கு ஒப்புதல் வழங்கியவர் ஆசிரியராகிய யாமன்றோ? ஒருவருக்கும் குறைக்கவில்லை. மறுநாள் வகுப்பில் நிகழ்ந்ததைக் கூறி எம் பிழையை ஒப்புக்கொண்டோம். கோடிட்ட அம்மாணவர் தலைகுனிந்து அமர்ந்திருந்தது இன்றும் நினைவில் உள்ளது. அவர் படிக்காதவர் அல்லர், படித்ததை வெட்டியவர்.

ஹதீஸ் கலையில், செய்தியின் வாசகத்தோடு அது யார் யார் வாயிலாக வந்தது என்னும் அறிவிப்பாளர் தொடரையும் சேர்த்தே அறிஞர் ஆராய்வர். இஸ்னாது எனப்படும் அத்தொடர் இல்லாத வாசகம் எத்துணை அழகியதாயினும் அதனைச் சான்றாகக் கொள்ளார். குழுக்களில் நாள்தோறும் வந்து குவியும் பொன்மொழிகளை இவ்வளவையால் அளந்தால் எத்தனை தேறும் என்பதை நம் சமுதாயப் பெரியோர் சிந்திக்கலாம். படமாக வெட்டி அனுப்பும் தொடரில் மூலத்திற்குச் செல்லும் வழி இல்லை. இணைப்பாக அனுப்பும் தொடரில் அவ்வழி உண்டு. இவ்விரண்டில் இணைப்பையே யாம் பரிந்துரைப்போம்.

எம் துறையில் இப்போது

அந்நிகழ்ச்சிக்குப்பின் எம் வகுப்பிற்கெனத் தனிக்குழு ஒன்றை ஹைப்பாதிசிஸில் அமைத்தோம். குழுவைத் தேர்ந்தெடுக்காது விட்டால் குறிப்பு உலகோர் அனைவருக்கும் புலப்படும் என்பதை முதல்நாளே எச்சரித்தோம். முழுப்பெயரைத் தவிர்த்துப் புனைபெயர் கொள்ளுமாறும் கூறினோம். மாணவியரின் பெற்றோர் இதனைப் பெரிதும் வரவேற்றனர். கோடிடுவோர் முழு வாக்கியத்திற்குக் கோடிடுதல் வேண்டும். 'இது யார் கூற்று?' என்னும் வினாவுக்கு விடையையும் குறிப்பில் எழுதுதல் வேண்டும். இவ்விரண்டே எம் விதிகள்.

மாலையில் தியாகராய நகர்த் துணிக்கடைகளில் பணியாற்றிக் கல்லூரிக்கு வரும் மாணவர் சிலர் எம் வகுப்பில் உளர். மாம்பலம் ரயில் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருக்கும் நேரமே அவர்க்கு நூலகம். உலாவி நீட்சிகள் அவர்தம் கைப்பேசியில் இயங்குவதில்லை. ஆதலின் தொடருக்கான இணைப்பை மட்டும் அனுப்பும் முறையை அவர்க்குக் கற்பித்தோம். இரவு பத்து மணிக்குமேல் வந்து விழும் அவ்விணைப்புகளைக் காலையிற் குழுவில் ஏற்றுவது எம் பணி.

இன்னொன்றும் கருதத்தக்கது. கருவிகள் நிலையானவை அல்ல. கூகுள் 2009இல் தொடங்கிய சைடுவிக்கி 2011இல் நிறுத்தப்பட்டது. ஆம்னிவோர் 2024இல் மூடப்பட்டது. பலரும் நம்பிக் கட்டுரைகளைச் சேமித்துவந்த பாக்கெட்டை மொசில்லா நிறுவனம் 2025 ஜூலையில் நிறுத்திக்கொண்டது. லஸ் முனையில் வாங்கிய நூலின் சிவப்புக் கோடுகள் இன்றும் மங்கவில்லை. எனவே பருவ முடிவில் எல்லாக் குறிப்புகளையும் மூலப்பகுதியோடு இறக்கி, அச்செடுத்துத் துறை அலமாரியில் வைக்கின்றோம்.

சென்ற பருவத்தின் கட்டு இப்போது எம் மேசைமேல் உள்ளது. அதில் முன்பு தலைகுனிந்திருந்த அம்மாணவரின் குறிப்பு ஒன்று, யாம் வகுப்பிற் கூறிய பொருளுக்கு நேரே கோடிட்டு, 'இது உரையாசிரியர் கூற்றா, ஐயா கூற்றா?' என்று வினவுகின்றது. மூலத்தை இருமுறை படித்துவிட்டோம். விடை இன்னும் எழுதவில்லை.