‘வாட்டர் டேமேஜ்’ என்று திருப்பி அனுப்பினால்

என் தங்கையின் கைப்பேசி வாங்கிய எட்டாம் மாதமே ஸ்பீக்கர் போய்விட்டது. சர்வீஸ் சென்டரில் டோக்கன் வாங்கி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கவுன்ட்டரில் இருந்தவர் சிம் ட்ரேயை வெளியே இழுத்தார், துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார், “வாட்டர் டேமேஜ் மேடம், வாரன்டி வராது” என்றார். போனைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. போர்டு மாற்ற ஒரு எஸ்டிமேட்டை நீட்டினார். என்ன கேட்பது என்று தெரியாமல் பணத்தைக் கட்டிவிட்டு வந்தோம். கேட்க வேண்டியவை என்னென்ன என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அதே கவுன்ட்டரில் நாளை நிற்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அவர் டார்ச் அடித்துப் பார்த்தது ஒரு சின்ன வெள்ளை ஸ்டிக்கரை. மேலே வெள்ளைப் பரப்பு, அடியில் தண்ணீரில் கரையும் சிவப்புச் சாயம். நீர் பட்டால் சாயம் கரைந்து மேலே ஊறும். பிறகு எவ்வளவு காய்ந்தாலும் மறுபடி வெள்ளையாகாது. ஐபோன் 5 தொடங்கிப் பெரும்பாலான ஐபோன்களில் இது சிம் ட்ரே துளைக்குள் இருக்கும். அதற்கு முந்தைய மாடல்களில் ஹெட்போன் துளையிலும் சார்ஜர் சொருகும் இடத்திலும் இருந்தது. லேப்டாப்பில் விசைப்பலகைக்கு அடியில் ஒட்டுவார்கள். சார்ஜர் சொருகும்போது ‘ஈரம் இருக்கிறது’ என்று திரையில் வரும் எச்சரிக்கைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது மின்முனைகளில் இருக்கும் ஈரத்தை உணர்ந்து காட்டுவது, காய்ந்ததும் மறைந்துவிடும்.

ஸ்டிக்கர் சிவந்திருந்தால், அந்த ஸ்டிக்கரில் ஈரம் பட்டிருக்கிறது என்று பொருள். அவ்வளவுதான். எப்போது பட்டது, எவ்வளவு பட்டது, ஸ்பீக்கர் போனதற்கு அதுதான் காரணமா என்பதை அது சொல்லாது. உங்கள் வாதம் முழுவதும் இந்த இடைவெளியில்தான் நிற்கப்போகிறது.

இது அமெரிக்காவில் நீதிமன்றம் வரை போன விஷயம். ஆரம்பகால ஐபோன், ஐபாட் டச் கருவிகளுக்கு இந்த ஸ்டிக்கரை வைத்தே வாரன்டி மறுக்கப்பட்டதாகத் தொடுத்த வழக்கில், 2013இல் 5.3 கோடி டாலர் கொடுத்து ஆப்பிள் சமரசம் செய்துகொண்டது. நீரே படாமல், காற்றின் ஈரப்பதத்தாலும் ஸ்டிக்கர் நிறம் மாறத் தொடங்கலாம் என்று அதைத் தயாரித்த 3எம் நிறுவனம் சொன்னதாக அப்போது செய்தி வந்தது. குறிப்பிட்ட வரம்புக்குள் இருக்கும் ஈரப்பதத்தால் மாறாது என்பது ஆப்பிளின் நிலை. அந்த வரம்பைச் சற்று கவனியுங்கள்: ஐபோனுக்கு 5 முதல் 95 சதவீத ஈரப்பதம், ஆனால் நீர்த்துளியாகப் படியாத நிலையில். சென்னையிலோ தூத்துக்குடியிலோ குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வந்ததும் மூக்குக் கண்ணாடி பனிமூட்டம் போட்டுக்கொள்கிறதல்லவா? சட்டைப் பையில் இருக்கும் போனின் குளிர்ந்த பரப்பிலும் அதேபோல் நீர் படியலாம். கடலோர ஊர்க்காரர்கள் தங்கள் புகாரில் இதைக் கட்டாயம் எழுத வேண்டும்.

வாங்கும் நாளிலிருந்தே தொடங்குங்கள்

புது போனின் சிம்மைப் போடும்முன் அந்தத் துளைக்குள் வெளிச்சம் காட்டி ஒரு படம் எடுத்து வையுங்கள். ஸ்டிக்கர் வெள்ளையாக இருந்ததற்கு அதுவே சான்று. பில், பெட்டியில் இருக்கும் ஐஎம்இஐ எண், வாரன்டி அட்டை ஆகியவற்றையும் படமெடுத்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். ‘தண்ணீரைத் தாங்கும்’ என்று விளம்பரம் செய்திருந்தால் அந்தப் பக்கத்தையும் சேமியுங்கள். தண்ணீரைத் தாங்கும் என்று விளம்பரம் செய்துவிட்டு, நீரால் வரும் பழுதை வாரன்டியில் ஏற்காததற்காக இத்தாலியின் போட்டி ஆணையம் 2020இல் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ அபராதம் விதித்தது. தண்ணீர் தாங்கும் திறன் பற்றிய தவறான விளம்பரங்களுக்காக 2022இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் சாம்சங்குக்கு 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. நம் ஊரிலும் தவறான விளம்பரம் என்பது நுகர்வோர் புகாருக்கு ஒரு காரணம்தான்.

பழுதானதும்

தெருமுனைக் கடையில் திறந்து பார்க்கக் கொடுக்காதீர்கள். வேறு ஆள் திறந்த அடையாளம் இருந்தாலே மறுப்பதற்கு இன்னொரு காரணம் கிடைத்துவிடும். உண்மையிலேயே நனைந்திருந்தால் உடனே அணைத்துவிட்டு, சார்ஜ் போடாமல், துளை கீழே இருக்கும்படி மெல்லத் தட்டி, காற்றோட்டத்தில் ஒரு நாள் வையுங்கள். அரிசியில் புதைக்க வேண்டாம். தூசியும் துகளும் உள்ளே போகும்.

ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். போன் வாளியில் விழுந்தது உங்களுக்கே தெரியும் என்றால் இந்த வழி உங்களுக்கானதல்ல. காப்பீடு எடுத்திருந்தால் அதில் கேளுங்கள். பொய் சொல்லிப் போராடுகிறவர்களால்தான் உண்மை சொல்கிறவர்களையும் கவுன்ட்டரில் யாரும் நம்புவதில்லை.

சர்வீஸ் சென்டரில்

போனை வாங்கிக்கொள்ளும்போது அவர்கள் எழுதித் தரும் ஜாப் ஷீட்தான் இந்த விவகாரத்தில் முக்கியமான காகிதம். அதில் என்ன எழுதுகிறார்கள் என்று படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ‘ஸ்பீக்கரில் ஒலி இல்லை. நீரில் விழுந்ததில்லை. திரையிலும் உடலிலும் சேதம் இல்லை’ என்று நீங்கள் சொல்வதை அப்படியே எழுதச் சொல்லுங்கள். ஸ்டிக்கரை உங்கள் கண்முன் பார்க்கச் சொல்லி நீங்களும் ஒரு படம் எடுங்கள். “மழையில லேசா பட்டிருக்குமோ என்னமோ” என்று பேச்சுவாக்கில் யோசித்துச் சொல்லாதீர்கள். உங்களுக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள்.

மறுத்தால் குரலை உயர்த்தத் தேவையில்லை. நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் கேளுங்கள்: எந்த ஸ்டிக்கர் நிறம் மாறியிருக்கிறது? போர்டில் அரிப்பு இருக்கிறதா, எங்கே? அதன் படம் எங்கே? அந்த அரிப்புக்கும் இந்தப் பழுதுக்கும் என்ன தொடர்பு? நீர் புகுந்து போர்டு கெட்டிருந்தால் செம்பு முனைகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ படிவு இருப்பது வழக்கம். அப்படி ஏதும் இல்லாமல், சிம் துளை ஸ்டிக்கர் மட்டும் சிவந்திருந்தால் அவர்களுடைய முடிவு பலவீனமானது. எழுதித் தர மறுத்தால் அங்கேயே நின்று, நடந்ததைத் தேதி, நேரம், ஜாப் ஷீட் எண்ணோடு நிறுவனத்தின் வாடிக்கையாளர் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள்.

எஸ்டிமேட்டுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். நாங்கள் செய்த பெரிய தவறு அதுதான். போர்டை மாற்றியதும் பழைய போர்டு அவர்களிடம் போய்விடும், அதோடு சான்றும் போய்விடும். பழுது பார்க்காமலே போனைத் திரும்ப வாங்குங்கள்.

அதற்கு மேல்

நிறுவனம் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே பதிந்த பிறகு நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்து பேச்சு முடிவதும் உண்டு. முடியாவிட்டால் 15 நாள் கெடு வைத்து, நிறுவனம், சர்வீஸ் சென்டர், விற்ற கடை மூன்றுக்கும் ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள்.

அடுத்து மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம், நிறுவனத்தின் தலைமையகம் எங்கே இருந்தாலும் சரி. பிரச்சினை எழுந்து 2 ஆண்டுகளுக்குள் தர வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் இணையவழியாகவும் தாக்கல் செய்யலாம். பழுதுநீக்கமோ மாற்றுப் பொருளோ பணமோ, எது வேண்டும் என்பதையும், இழப்பீடும் வழக்குச் செலவும் எவ்வளவு என்பதையும் தெளிவாக எழுதுங்கள்.

புகாரில் பலரும் விட்டுவிடுகிற ஒரு கோரிக்கை உண்டு. பரிசோதனை இல்லாமல் குறைபாட்டைத் தீர்மானிக்க முடியாதபோது, பொருளை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும் அதிகாரத்தைச் சட்டத்தின் 38ஆவது பிரிவு ஆணையத்துக்குக் கொடுக்கிறது. பழுதுக்கு நீர்தான் காரணமா என்பதை ஆய்வகம் சொல்லட்டும் என்று நீங்களே மனுவில் கேளுங்கள். அதுவரை அந்த போனை அணைத்து, ஜாப் ஷீட்டோடு ஒரு உறையில் போட்டு ஒட்டி அலமாரியில் வையுங்கள். சிம்மை வீட்டில் கிடக்கும் பழைய பட்டன் போனில் போட்டுக்கொள்ளலாம்.