திருநாமம் சூட்டும் பேறு

மகவுக்குப் பெற்றோர் வழங்கும் முதற்செல்வம் பெயரேயாகும். அதனைப் பொருளாசையோடு கலத்தல் தகாது என்பது பெரியாழ்வார் திருவுள்ளம். தம் திருமொழியின் நான்காம் பத்தில் ஆறாம் திருமொழியை இதற்கென்றே அருளிச்செய்தார். காசுக்கும் துணிக்கும் ஆசைப்பட்டு மானிடர் பெயரை இடுவோரைக் கடிந்து, பிள்ளைக்கு நாராயணன் நாமத்தை இட்ட தாய்க்கு நரகமில்லை என்று அறுதியிடுகிறார்.

பெயரிடுவதால் பெற்றோர் உய்வது எங்ஙனம்? ஸ்ரீமத் பாகவதத்தின் ஆறாம் ஸ்கந்தம் விடை பகர்கிறது. நெறி தவறி வாழ்ந்த அஜாமிளன், இறுதி வேளையில் அஞ்சித் தன் இளைய மகனை 'நாராயணா' என்றழைத்தான். மகனை எண்ணி அழைத்த அவ்வழைப்பே அவனைக் காத்தது.

பெயர் நன்றிக்கடனுமாகும். விஷ்ணு புராணம் அருளிய பராசரரிடம் ஆளவந்தார் கொண்ட நன்றியை நிறைவேற்றவே, கூரத்தாழ்வானின் திருக்குமாரருக்குப் பராசரர் என்னும் திருநாமத்தைச் சாத்தியருளினார் எம்பெருமானார்.

கொங்குநாட்டில் இம்மரபு ஏட்டோடு நில்லாமல் இல்லங்களில் வாழ்கிறது. காரமடை அரங்கநாதர் அருளால் பிறந்த பிள்ளைகள் என்று ரங்கசாமி, ரங்கம்மாள், ரங்கநாயகி எனப் பெயர் சூட்டி மகிழ்ந்த குடும்பங்கள் பல. புதுமைப் பெயர் நாடும் இளம்பெற்றோரும் உடன் ஒரு திருநாமத்தைச் சூட்டுவாராக. அந்தியில் வாசலில் நின்று 'ரங்கா' என்று பிள்ளையைக் கூவும் தாய், தானறியாமலே அரங்கனையும் அழைக்கின்றாளன்றோ!