‘செப்பரேட்’ என்ற வினையைப் பழகும் விதம்

தெற்கு லண்டனில் சட்டனிலும் பக்கத்தில் கார்ஷோல்டன், வாலிங்டன் பகுதிகளிலும் புதிதாகக் குடியேறும் நம்மவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும்போது, ‘செப்பரேட்’ என்ற வினையை நான் வெகு சீக்கிரமே எடுத்துவிடுவேன். அகராதியைப் பார்த்தால் ‘பிரி’ என்று ஒரே வரியில் முடிந்துவிடும். ஆனால் குப்பை வாளி, சமையல் குறிப்பு, அரசாங்கப் படிவம் என்று அது தலைகாட்டும் ஒவ்வோர் இடத்திலும் வேறொன்றைக் கேட்கிறது. எதை, எதிலிருந்து பிரிப்பது என்ற கேள்வியோடு சேர்த்துப் படித்தால்தான் இந்த வினை கைவசமாகும்.

முதலில் உச்சரிப்பு. வினையாக வரும்போது கடைசி அசை ‘ரேட்’ என்று நீளும். ‘தனியான’ என்ற பொருளில் பெயருக்கு முன்னால் வரும்போது ‘செப்ரட்’ என்று சுருங்கிவிடும். எழுத்திலோ இரண்டுக்கும் வேறுபாடு கிடையாது. நடுவில் வருவது ‘ஏ’ எழுத்து. ஆங்கிலேயர்கள்கூட அங்கே ‘ஈ’ போட்டுவிடுகிறார்கள். ‘ஆயத்தம் செய்’ என்ற பொருளுடைய லத்தீன் வேரிலிருந்துதான் இதுவும் ‘பிரிப்பேர்’ என்ற சொல்லும் வந்தன. அந்தச் சொல்லில் இருக்கும் ‘ஏ’ இதிலும் இருக்கிறது என்று சொல்லிவைத்தால் யாருக்கும் மறப்பதில்லை.

வீட்டு வாசலில் இந்த வினையை அன்றாடம் சந்திக்கிறோம். இங்கிலாந்தில் வீடுகளின் உணவுக் கழிவையும், காகிதம், அட்டை, கண்ணாடி, உலோகம், பிளாஸ்டிக் போன்றவற்றையும் மற்றக் குப்பையோடு கலக்காமல் சேகரிக்க வேண்டும் என்ற புதிய விதிக்கு 2026 மார்ச் 31ஐத் தொடக்க நாளாக வைத்தார்கள். சட்டனில் அதற்கு முன்பே உணவுக் கழிவுக்குத் தனி வாளி உண்டு. எஞ்சும் குப்பை பெடிங்டனிலுள்ள எரியாலைக்குப் போகிறது. சட்டன், குரோய்டன், மேர்ட்டன், கிங்ஸ்டன் ஆகிய நான்கு பகுதிகளின் குப்பையையும் எரித்து அங்கே மின்சாரம் எடுக்கிறார்கள். அந்த ஆலை ஆண்டுக்கு 3 லட்சம் டன்னுக்கு மேல் எரிக்கக்கூடியது. நாம் பிரிக்காமல் விட்ட காகிதமும் அந்த நெருப்புக்குத்தான் போகும். அதனால் இந்தப் பாடத்தை நான் மொழிப் பாடமாக மட்டும் நினைப்பதில்லை.

வகுப்புக்கு வரும் ஓர் அன்ரி குப்பை பற்றிய துண்டறிக்கையை நீட்டி, “பிள்ளை, ஒரு இடத்தில ‘சார்ட்’ எண்டு போட்டிருக்கு, மற்ற இடத்தில ‘செப்பரேட்’ எண்டு போட்டிருக்கு. ரெண்டும் ஒண்டோ?” என்று கேட்டார். குசினியிலேயே விடை இருந்தது. அரிசியில் கிடக்கும் கல்லைப் பொறுக்கி எடுப்பது ‘செப்பரேட்’. கல்லை அரிசி‘யிலிருந்து’ எடுப்பதால் பின்னால் ‘ஃப்ரம்’ வரும். உடுப்புத் தோய்க்குமுன் வெள்ளை ஒரு குவியல், நிறத் துணி ஒரு குவியல் என்று வகைப்படுத்துவது ‘சார்ட்’. குவியல்களாகப் போவதால் ‘இன்டு’ வரும். ‘ஃப்ரம்’, ‘இன்டு’ இரண்டையும் வினையோடு ஒட்டியே மனப்பாடம் செய்யச் சொல்வேன். தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் குப்பைக்கு ‘செக்ரிகேட்’ என்பார்கள். இந்தியாவின் திடக்கழிவு விதிகளில் உள்ள சொல் அது, பிழையில்லை. ஆனால் மனிதர்களைப் பற்றிப் பேசும்போது அதை எடுக்கவே கூடாது. அமெரிக்காவிலும் தென்னாப்பிரிக்காவிலும் கறுப்பின மக்களை ஒதுக்கிவைத்த கொடுமையின் பெயர் அது.

சமையல் குறிப்பில் ‘செப்பரேட் தி எக்ஸ்’ என்று கண்டால், முட்டைகளை வேறுவேறு பாத்திரத்தில் வைக்கச் சொல்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். வெள்ளைக்கருவையும் மஞ்சள்கருவையும் பிரி என்பதே பொருள். முட்டையை விளிம்பில் தட்டி, மஞ்சளை ஓட்டின் ஒரு பாதியிலிருந்து மற்றப் பாதிக்கு மாற்றிக்கொண்டே இருந்தால் வெள்ளை கீழே வழிந்துவிடும். வகுப்பில் இதைச் செய்துகாட்டியிருக்கிறேன். செய்துகொண்டே சொன்ன வாக்கியம் நன்றாகப் பதிகிறது. அதே அடுப்படியில், கூடக் கொதித்துத் திரிந்துபோன தேங்காய்ப்பாலுக்கும் ‘செப்பரேட்டட்’தான். தமிழில் தானாகப் பிரிந்தால் ‘பிரிந்தது’, நாம் பிரித்தால் ‘பிரித்தேன்’. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வினை ஒன்றே. செய்தவர் யார் என்பதை வாக்கியத்தின் எழுவாயைப் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

இத்தனையிலும் நான் அதிக நேரம் செலவிடுவது படிவங்களுக்கு. மணநிலை கேட்கும் இடத்தில் ‘செப்பரேட்டட்’ என்று ஒரு கட்டம் இருக்கும். கணவர் யாழ்ப்பாணத்திலோ தோஹாவிலோ இருக்க, பிள்ளைகளோடு இங்கே வாழும் பெண்கள் அந்தக் கட்டத்தில் சரி அடையாளம் இட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். நம் மொழியில் அது நியாயமாகவே படுகிறது. பொருள் தேடப் போன கணவனைப் பிரிந்திருப்பது நமக்கு ஒரு திணையின் உரிப்பொருள். பாலை முழுவதும் பிரிவைப் பாடுகிறது. அந்தப் பிரிவில் உறவு அறுவதில்லை, ஏக்கம்தான் கூடுகிறது. ஆங்கிலப் படிவம் கேட்பதோ, மணவாழ்வு முறிந்து இருவரும் விலகிவிட்டார்களா என்பதை. தவறான கட்டத்தில் விழுந்த ஒரு கோட்டுக்காக, ஓர் அலுவலகம் என் மாணவி ஒருவரைப் பலமுறை அழைத்து விளக்கம் கேட்டது. கணவரின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் அவர் அழுதார். உதவித்தொகைக்கும் விசாவுக்கும் இந்தக் கட்டம் கணக்கில் எடுக்கப்படும் என்பதால் இதை இலேசாக விட முடியாது.

ஆகவே, ‘மேரீட்’ என்ற கட்டத்தைத் தெரிவுசெய்யுங்கள். கணவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டால் ‘மை ஹஸ்பண்ட் லிவ்ஸ் இன் ஜாஃப்னா’ என்று இடத்தைச் சொல்லுங்கள். தூரத்தைச் சொல்ல ‘லிவ்’ போதும். உண்மையாகவே விலகியவர்கள் ‘செப்பரேட்டட்’ என்று எழுதத் தயங்க வேண்டாம். சட்டப்படி விவாகரத்து முடியும்வரை ‘டிவோர்ஸ்ட்’ என்று மட்டும் எழுதிவிடக் கூடாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022 ஏப்ரல் 6 முதல் ஒருவர்மேல் ஒருவர் குற்றம் சாட்டாமலே விவாகரத்துக்கு விண்ணப்பிக்கலாம். இதை வகுப்பில் சொன்ன நாள்களில், பாடம் முடிந்தபின் தனியே வந்து பேசியவர்கள் உண்டு.

மற்ற வினைகளைச் சுருக்கமாகத் தொட்டுப் போவேன். உணவகத்தில் பணத்தைப் பங்கிட ‘ஸ்ப்ளிட்’, கணக்கில் வகுக்க ‘டிவைட்’, தலையில் வகிடு எடுக்க ‘பார்ட்’. அடுத்த வகுப்புக்கு வரும்போது, வீட்டுக் கதவிடுக்கில் வந்து விழுந்த கடிதத்தையோ படிவத்தையோ நிரப்பாமல் அப்படியே கொண்டுவாருங்கள் என்பேன். சரி அடையாளம் இடுமுன் அந்த வரியை உரக்க வாசித்து, யார் எதிலிருந்து பிரிகிறார்கள் என்று தமிழில் எனக்குச் சொல்லிக்காட்ட வேண்டும். பேனாவை அதன் பிறகுதான் கொடுப்பேன்.