மல்லியைக் காயவைத்தால் மணக்குமா?

“மீந்த மல்லிகைப்பூவை எறியாதீர்கள். உலர்த்திக் கிண்ணத்தில் போட்டால் வீடே மணக்கும்.”

வீட்டுக் குறிப்புகளில் சளைக்காமல் வரும் யோசனை. செய்து பார்த்தால் மிஞ்சுவது பழுப்புச் சருகுதான். மல்லி, மணத்தைச் சேர்த்து வைக்கிற பூ அல்ல. சாயங்காலம் மொட்டு அவிழும்போதுதான் மணத்தைச் சுரக்கத் தொடங்கும். பறித்த பிறகும் சில மணி நேரம் சுரக்கும். பூ வாடியதும் அதுவும் நின்றுவிடும். சீனாவில் மல்லிகைத் தேநீர் தயாரிப்பவர்கள் இதை நன்றாக அறிந்தவர்கள். அன்றன்று பறித்த மொட்டைத் தேயிலையோடு இரவில் கலந்து வைப்பார்கள். பூ அவிழ அவிழ, தேயிலை மணத்தை இழுத்துக்கொள்ளும். பிறகு பூவைச் சலித்துத் தள்ளிவிடுவார்கள். உயர்ந்த ரகத்துக்குப் புதுப் பூவோடு இதையே பலமுறை செய்வதுண்டு.

காய்ந்தும் மணக்க வேண்டுமா, மகிழம்பூவைத் தேடுங்கள். பன்னீர் ரோஜா இதழிலும் ஓரளவு நிற்கும். மரிக்கொழுந்து, திருநீற்றுப்பச்சிலை போன்றவற்றில் எண்ணெய் இலையின் நுண்ணிய சுரப்பிகளுக்குள் அடைந்து கிடக்கிறது. அதனால்தான் சருகான பிறகும் கசக்கினால் கையில் ஒட்டுகிறது.

“நல்ல வெயிலில் மொறுமொறுவென்று காயவேண்டும்.”

வற்றலுக்குச் சரி. வாசனைப் பொருளை வெயிலில் போட்டால் எண்ணெய் மொட்டைமாடியிலேயே பறந்துவிடும், நிறமும் வெளுக்கும். நிழலும் காற்றோட்டமும் போதும். ஐப்பசி அடைமழையில் மட்டும் இந்த வேலையில் இறங்காதீர்கள், பூஞ்சைதான் பூக்கும்.

“பட்டை, கிராம்பைப் பொடித்துப் போட்டால் மணம் தூக்கும்.”

முதல் நாள் தூக்கும். பொடியில் காற்றுப் படும் பரப்பு அதிகம் என்பதால் சீக்கிரமே ஓய்ந்தும் போகும். முழுதாகப் போட்டு, மங்கும்போது ஒன்றிரண்டை நசுக்கிவிடுவது மேல். கிராம்பின் எடையில் 15 முதல் 20 சதவீதம் வரை எண்ணெய் இருக்கும். வாங்கும்போது நகத்தால் அழுத்திப் பாருங்கள். எண்ணெய் கசிய வேண்டும். சுருங்கிப்போய், அழுத்தியும் கசியவில்லை என்றால் அது எண்ணெய் எடுத்த சக்கையாகவும் இருக்கலாம்.

இவற்றோடு ஒரு பிடி வெட்டிவேர் சேர்ப்பது நல்ல வழக்கம். அதன் எண்ணெய் கனமானது, மெதுவாகத்தான் ஆவியாகும். கூட இருக்கும் வாசனைகளையும் பிடித்து நிறுத்தும். ஐரோப்பியர் இதே வேலைக்கு ஐரிஸ் கிழங்கைப் பொடித்துச் சேர்ப்பார்கள்.

“சாம்பிராணிப் புகை காற்றைச் சுத்தமாக்கும்.”

வெள்ளிக்கிழமை சாம்பிராணி வாசம் எனக்கும் பிடிக்கும். அதற்காக அது மருந்தாகிவிடாது. எந்தப் புகையையும்போல இதிலும் நுரையீரலுக்குள் இறங்கும் நுண்துகள்கள் உண்டு. கரித்தூள் சேர்த்து அச்சில் வார்த்த கம்ப்யூட்டர் சாம்பிராணியும் விலக்கல்ல. கைக்குழந்தையோ ஆஸ்துமாக்காரரோ இருக்கும் வீட்டில் புகையைத் தவிர்ப்பதே நல்லது. மற்றவர்கள் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு போடலாம்.

“நாலு நாளில் வாசனை போய்விட்டது.”

போயிருக்காது. ஒரே வாசனையில் தொடர்ந்து இருந்தால் மூக்கு அதைக் கண்டுகொள்ளாது. கிண்ணத்தைக் குப்பையில் கொட்டுமுன், வெளியிலிருந்து வருகிற யாரையாவது ஒருமுறை கேட்டுவிடுங்கள்.